குளிர் அறையில் மட்டும் சிரிக்கிறவள்

12 மார்ச் 2025, புதன்

பஸ் வரவில்லை. ஆபீஸ் முடிந்து என் கணவர் அருண்தான் வண்டியில் வந்து கூட்டிப்போனார். நானும் கூட வேலை பார்க்கிற கோபிநாத்தும் எதற்கோ சிரித்துக்கொண்டு கம்பெனி கேட்டைத் தாண்டும்போது அவர் பார்த்துவிட்டார். இறால் பெட்டி அடுக்கியிருக்கிற கோல்டு ரூமில் கணக்கெடுத்துவிட்டு வந்தால் விரல் விறைத்திருக்கும், மூக்கு ஒழுகும். ஆனாலும் அங்கேதான் என் முகம் எனக்குச் சொந்தமாக இருக்கிறது. சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இடது இமை பாதி இறங்கிவிட்டது.

"கம்பெனி வாசல்ல பல்லு முப்பத்திரண்டும் தெரியுது. நம்ம வாசலுக்கு வந்தா மட்டும் மூஞ்சி தொங்கிடுது."

களைப்பு என்றேன். நம்பவில்லை. கோபிநாத்துக்குப் பேரன் பிறந்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்?

16 மார்ச், ஞாயிறு

சர்ச்சில் பூசையின் பிரசங்கத்தின்போது இமை மூடிக்கொண்டது. தூங்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "சாமியார் பாத்துட்டாரு, என் மானமே போச்சு" என்றார் அத்தை. என் மாமியார் ஆனந்தமேரிக்கு வாரம் ஒரு தடவையாவது மானம் போய்விடும்.

29 மார்ச், சனி

கண் டாக்டரிடம் போனோம். காலையில் போனது தப்பு. காலையில் நான் நன்றாகத்தான் இருப்பேன். ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். "நான்தான் சொன்னேனே" என்று வழியெல்லாம் அருண்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மட்டன் நான்கு துண்டுதான் மென்றேன், தாடை நின்றுபோனது. கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டியிருந்தது. "என் கறி எறங்கலியா உனக்கு?" என்றார் அத்தை. சாப்பாட்டுக்குப் பிறகு பாரிஸ் மாமா வீடியோ காலில் வந்தார். எல்லோரும் வரிசையாக வாழ்த்துச் சொன்னோம். நானும் சிரித்தேன். மனதாரச் சிரித்தேன். திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது. உதட்டின் ஓரங்கள் ஏறவே இல்லை. மேலுதடு மட்டும் தூக்கிக்கொண்டு, கடிக்க வருகிற நாய் மாதிரி. நானா அது?

"லினெட்டுக்கு என்ன கோவம்?" என்று மாமா கேட்டார்.

போனை வைத்ததும் ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே செய்கிறேனாம். நடிக்கிறேனாம். சொல்ல வாயைத் திறந்தால் பேச்சு மூக்கு வழியாக வருகிறது. அதுவும் நடிப்பாம். கடைசியில் அவன் சொன்னான்: "அங்க போனாத்தான் உன் மூஞ்சி மலருது. அந்த வேலையே வேணாம். விட்டுடு."

அருணைப் பற்றி எழுதும்போது அவன் என்றே வருகிறது. வரட்டும்.

2 மே, வெள்ளி

கடைசி நாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். கோபிநாத் அண்ணன், "இங்க நல்லாத்தானம்மா இருக்க?" என்றார். ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

9 மே, வெள்ளி

வீட்டிலேயேதான் இருக்கிறேன். முகம் இன்னும் மோசம். இப்போது யாரைக் காரணம் சொல்வார்கள்?

19 மே, திங்கள்

அனல். ஒரே ஆள் இரண்டாகத் தெரிகிறார். அத்தை இரண்டு பேர் — ஒருவரையே தாங்க முடியவில்லை. மத்தியானம் எரிச்சல் பொறுக்காமல், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இடது கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் இமை ஏறியிருக்கிறது! வலது இமை தொங்குகிறது, இடது விரியத் திறந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி ஏறியது.

கோல்டு ரூம். அடக் கடவுளே, கோல்டு ரூம்தான்.

27 மே, செவ்வாய்

நரம்பு டாக்டர் சிவசங்கரி. இந்தத் தடவை சாயங்காலமாகப் பார்த்துப் போனேன். அருணும் வந்தார், பொய்யைக் கண்டுபிடிக்க வருகிறவர் மாதிரி. நான் ஐஸ் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கவில்லை. கையுறைக்குள் ஐஸைப் போட்டு அவரே இமைமேல் வைத்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்து அறையில் கழுத்தோரம் ஒயர் ஒட்டி, ஷாக் கொடுத்தார்கள். தோள் துள்ளித் துள்ளி விழுந்தது. திரையில் முதல் அலை உயரம். அடுத்தது குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை.

"நரம்புல சேதி கரண்ட்டாத்தான் போவுது. ஆனா நரம்பும் தசையும் ஒட்டிக்கிட்டு இல்லம்மா, நடுவுல ஒரு சின்ன இடைவெளி. கரண்ட் அதத் தாண்டாது. நரம்பு நுனியில இருந்து ஒரு ரசாயனம் வெளிய வந்து, அந்தப் பக்கம் தசையில ஒட்டினாத்தான் அங்க மறுபடி கரண்ட் கெளம்பும், தசை சுருங்கும். அது ஒட்டுற எடத்த உங்க உடம்பே அழிச்சிக்கிட்டு இருக்கு. மொதல்ல கொஞ்சம் சேதி போய்ச் சேரும். வேலை செய்யச் செய்ய ரசாயனம் கொறையும், சேதி சேராது. குளிர்ல அந்த ரசாயனம் சீக்கிரம் சிதையாது. அதான் உங்களுக்கு அங்க நல்லா இருந்திருக்கு."

மயஸ்தீனியா என்று பெயராம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியாதிக்காக இல்லை. அருண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், குறைகிற அலைகளை விரலால் காட்டிக் காட்டி. அந்தப் பெட்டி சொன்னதும் ஒரே நொடியில் நம்பிவிட்டார். எட்டு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவள் வாயால் சொன்னபோது நம்பவில்லை.

வெளியே வந்து சொல்கிறார்: "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, லினெட்?"

8 ஜூன், ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறது. அந்த ரசாயனத்தைச் சிதையவிடாமல் பிடித்து வைக்குமாம். போட்ட அரை மணியில் இமை ஏறுகிறது. இன்று கறியை முழுக்க மென்று தின்றேன். அத்தை எனக்காக வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாராம். ஐஸில் விஷயம் இருப்பதைக் கண்டுபிடித்தது தன் மகன்தான் என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகக் கேட்டேன்.

19 ஜூன், வியாழன்

என் வேலை போனதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். நேராக, குரல் உடையாமல் கேட்டேன். அருண் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்து, "மாத்திர போட்டியாம்மா?" என்றார். இனி நான் எதைச் சொன்னாலும் இதுதான் பதில் போலிருக்கிறது.

1 ஜூலை, செவ்வாய்

கம்பெனிக்கு நானே போன் செய்தேன். என் இடத்தில் வந்த பெண்ணுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். பெட்டி தூக்கக் கூடாது, கணக்கெடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அருணிடம் அனுமதி கேட்கவில்லை. திங்கட்கிழமை போகிறேன் என்றேன், அவ்வளவுதான்.

7 ஜூலை, திங்கள்

பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். மழை வருகிற மாதிரி இருந்தது. டிபன் பையைத் தானே எடுத்துக் கொடுத்தார். "நல்லபடியா போயிட்டு வா. சாயங்காலம் நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றார். பாவம், முகமெல்லாம் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாத்திர போடலியா?"

"போட்டுட்டேன்" என்றேன். பஸ் வந்துவிட்டது.