பத்தாயிரம் பேருக்குப் புகை

மார்ச் 4
நேற்று இருட்டோடு இருட்டாக எங்கள் டிவிஷன் முழுவதும் ஆற்றுப் பக்கம் நகர்ந்துவிட்டது. சமையல்காரர்கள் நாங்களும் காவலுக்கு நாலு சிப்பாய்களும்தான் மேட்டில் பாக்கி. பத்தாயிரம் பேருக்கு எரிந்த அத்தனை அடுப்பும் வேளை தவறாமல் எரியவேண்டுமாம். எதிர்மேட்டுக்காரன் புகையைப் பார்த்து, டிவிஷன் இங்கேயே இருக்கிறது என்று நம்பவேண்டுமாம். அண்டாவில் வெறும் தண்ணீர்.

தங்கை வீட்டுக்காரனும் போனான். அவளுக்கு இது ஏழாம் மாதம். கிளம்பும்போதும் அவனுக்கு வாய் சும்மா இல்லை. "பிஸ்கட்டுலயாவது உப்பு சரியா இருக்கும், மச்சான்." என் சமையலில் என்றைக்கு அவன் குறை சொல்லாமல் இருந்தான்?

மார்ச் 6
தண்ணீர் கொதித்தது.

மார்ச் 9
எதிர்மேட்டிலும் வேளாவேளைக்குப் புகை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும். அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்வரை மாப்பிள்ளை பிழைத்தான்.

தலைமைச் சமையல்காரர் தண்ணீரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "அடிப்பிடிச்சிடும்யா" என்கிறார். முற்றிவிட்டது. சாயங்காலம் நானும் கிண்டினேன்.

மார்ச் 13
எங்கள் காவல் சிப்பாய் ஓர் ஆளைப் பிடித்து வந்தான். எதிர்மேட்டிலிருந்து விறகு பொறுக்க இறங்கியவன். இடுப்பில் கரண்டி. எங்கள் பாஷை அரைகுறையாக வரும். அடுப்புகளைப் பார்த்தான், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான், அப்படியே உட்கார்ந்து சிரித்தான்.

"நீங்களுமா?"

அவர்கள் டிவிஷன் கிளம்பி ஒரு வாரமாகிறதாம். எங்கே? ஆற்றுப் பக்கம்தான் கை காட்டினான்.

அடப் பாவிகளா — அப்ப இத்தனை நாளா யாருக்குடா புகை போட்டோம்? மாப்பிள்ளை அங்க மாட்டிக்கிட்டானே. தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

வயர்லெஸ்ஸில் தலைமையகத்துக்குச் சொன்னோம். "புகையை நிறுத்தாதீங்க" என்று பதில் வந்தது.

மார்ச் 14
நிறுத்தவில்லை. கைதியும் விறகு பிளந்தான். நன்றாகவே பிளக்கிறான்.

மார்ச் 21
டிவிஷன் திரும்பி வந்தது. வந்தவர்களுக்கு மூன்று அடுப்பே தாராளம்.

மாப்பிள்ளை வரிசையில் தட்டோடு நின்றான். கை கால் எல்லாம் இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை. தட்டை நீட்டினான்.

எல்லோருக்கும் போட்டு முடித்து நான் உட்கார்ந்து வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. வெறும் தண்ணீர் கொதிக்கவைத்தே பழகிய கை, உப்பே போடவில்லை. ஓடிப்போய் மாப்பிள்ளை தட்டைப் பார்த்தேன். வழித்துச் சாப்பிட்டிருந்தான்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் வந்த யாருமே சொல்லவில்லை.