கோட்டைச் சுவரில் நான் அடைத்த துளைகள்

அன்புள்ள அம்மாவுக்கு, வசந்தகுமார் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது? தேவாலாவில் மழை பிடித்துவிட்டதா? நான் நலம். கடல் உப்பில் கை மட்டும் வெடித்திருக்கிறது.

இங்கே துறைமுகத்தை ஒட்டிய பழைய கோட்டையில் வெடிமருந்து அறையைப் பழுது பார்க்கிறோம். சுவரின் கனமே நம் எஸ்டேட் லைன் வீட்டு வாசல் அகலம் இருக்கும். அதில் கடலைப் பார்த்துச் சின்னச் சின்னத் துளைகள். மழைக்கு முன் ஓட்டைகளை அடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். மருந்து நமுத்துப் போகாமலிருக்க, கட்டியவர்கள் காற்றுக்கு விட்ட வழியாம் அது. பத்தே நாளில் சுவர் வியர்த்து, சுண்ணாம்புக் காரை பாளம் பாளமாக விழுந்தது.

"இது யார் வேலை?" என்று இன்ஜினியர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். பாண்டியராஜ்தான் என்று நினைத்து அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவனே அவன்தான். "உடுடா, ஊட்டுல பத்து நாளு இருந்துட்டு வேற வேலை பாத்துக்கறேன்" என்கிறான்.

உங்கள் அறையில் நான் அடைத்த துளையையும் திறக்கச் சொல்லுங்கள். இளைப்பு அதன் பிறகுதான் கூடியது. நம் பேக்டரித் தேயிலைத் தூள் கால் கிலோ அனுப்புங்கள். இங்கே டீ வெந்நீராக இருக்கிறது.

பாண்டியின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தை அவனிடம்தான் கொடுக்கிறேன். அவன் ஏறியதும் இன்ஜினியரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஊருக்கு வரும்போதெல்லாம் செய்வதுபோல் உங்களுக்கு இதைப் படித்துக் காட்டப்போவதும் அவன்தான்.

பாண்டி, பாதியில் நிறுத்தியிருப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அம்மாவுக்குக் கேட்கும்படி முழுவதையும் படித்துவிடு.

வசந்தகுமார்