நயினாதீவு முதலா, நெடுந்தீவு முதலா

இன்று காலை உன் மனைவி றீற்றாவை விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டியில் ஏற்றிவிட்டு, ஊர்காவற்றுறைப் பஸ் நிலையத்தில் நின்றேன். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் நின்றார்கள். வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பு முகமெல்லாம். அதிலிருந்து தேங்காய்ப்பால் மணம் வந்தது. ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள்:

"ஐயா, செலவு குறைவா ஒரே நாள்ல தீவெல்லாம் பாக்கணும். ஏதும் வழி இருக்கா?"

வழி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அரச பஸ்ஸில் வங்களாவடிச் சந்தி. அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை. தனி வள்ளம் பிடிக்காமல் சனத்தோடு சனமாக ஏறுவது. நெடுந்தீவில் ஓர் ஓட்டோவைப் பங்கு போட்டுச் சுற்றுவது. திரும்பும்போது சாட்டிக் கடற்கரையில் இறங்கி ஒரு முழுக்கு. அறையும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டாள்.

"நயினாதீவுக்கு முதல்ல போறதா, நெடுந்தீவுக்கா?"

"நயினாதீவு. உதில பேச்சில்லை."

அவள் அதையும் பதிந்துகொண்டாள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தை நாம் எத்தனை தரம் திட்டமிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தேவாலயத்தில் பூசை முடிந்து வருவாய், நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவேன். துறையடித் தேநீர்க் கடையில் இருவரும் குந்துவோம். வாழ்நாள் முழுக்கத் தீவில் இருந்தவர்கள், வெளியூர்ச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிற தீவுகளை ஒருநாளும் சும்மா பார்த்ததில்லை. நீ நெடுந்தீவை வலை இழுக்கும்போது கடலிலிருந்து பார்த்திருக்கிறாய், கரையில் கால் வைத்ததில்லை. "கடலில சும்மா குளிக்கிறதெண்டால் எப்பிடியெண்டு ஒருக்கால் பாக்கவேணும்" என்று சொல்வாய். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பாய்.

நாம் பிடுங்குப்பட்டதெல்லாம் ஒன்றில்தான், எந்தத் தீவு முதல் என்பதில். நான் மீன் தின்கிறவன்தான். ஆனால் மச்சம் தின்ற வாயோடு நயினாதீவு அம்மாள் கோயில் வாசலில் கால் வைக்கமாட்டேன். நெடுந்தீவில் இறங்கினால் மீன் தின்னாமல் நீ வரமாட்டாய். ஆகவே கோயில் முதலில், காலைப் பூசை பார்த்துவிட்டு உடனே திரும்பி நெடுந்தீவு வள்ளத்தைப் பிடிப்பது. இதில் என்ன பிழை?

"பூசை பிந்தினால்?" என்பாய். "நயினாதீவு வள்ளம் போய் வந்துகொண்டே இருக்கும். நெடுந்தீவு வள்ளம் உனக்காக நிக்காது. வெயில் ஏறினால் காத்தும் எழும்பும். நெடுந்தீவுதான் முதல்."

"அப்ப மச்சம்?"

"நீ தின்னாதை. நான் திண்டிட்டு வெளியில நிக்கிறன். நீ உள்ள போய்க் கும்பிட்டிட்டு வா."

"ஒண்டாய்ப் போற பயணத்தில நீ வெளியில நிக்கிறதோ? அதுக்கு வேற ஆளைப் பார்."

கடைக்காரன் தேநீர் ஆற்றிக்கொண்டே கேட்பான்: "என்ன அண்ணைமார், இன்னும் வள்ளம் வெளிக்கிடேல்லையோ?"

ஒருமுறை றீற்றா, "ரெண்டு நாளாய்ப் போனால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டாள். அந்த ஒரு விஷயத்தில்தான் நாம் இருவரும் ஒரு பக்கம் நின்றோம். ஒரே நாளில் முடிப்பதுதான் கெட்டித்தனம், இரண்டு நாள் போக எந்த மடையனாலும் முடியும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சங்கக்கடையில் அரிசி கட்டி வந்த பழைய பத்திரிகைகளைப் படித்துத்தான் நாலு விஷயம் அறிந்தவன். நானாக யோசித்து எடுத்த முடிவை ஒருவன் உரக்கப் பேசுகிறான் என்பதற்காக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உனக்கும் இல்லை.

கனடாவில் மகளிடம் போகப்போகிறேன், கொஞ்ச மாதம்தான் என்றாய். போவதற்கு முன் இந்தப் பயணத்தை முடிப்போம் என்று சொன்னவன் நான். அதை நீ மறுக்க முடியாது. புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும் அதே கடையில் அதே வாதம்தான். கடைசியில் எழுந்து, "வந்து போவம். தீவு எங்கையும் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

தீவு ஓடவில்லை.

உன் அடக்கத்தைத் தொலைபேசியில் பார்த்தேன். கறுத்தக் கோட்டுப் போட்ட, எனக்குத் தெரியாத சனம். வெள்ளை நிலம். படம் நின்று நின்று வந்தது, பிறகு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. கேட்கிறவர்களிடம் ஓம், போய்விட்டான் என்று சொல்வேன்.

போன மாதம் றீற்றா வீட்டை இனசனத்திடம் ஒப்படைக்கக் கனடாவிலிருந்து வந்தாள். இனி மகளோடுதான், திரும்பமாட்டாள். ஒரு பின்னேரம் என் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சே வைச்சிருந்த பயணத்தை நான் போகப்போறன். இதை விட்டால் எனக்கு வேற நாள் இல்லை. வாறியளோ?"

"நயினாதீவு முதல் எண்டால் வாறன்."

"அந்த மனுசன் நெடுந்தீவு முதல் எண்டவர்."

"அவன் இல்லை."

"நான் இருக்கிறன்."

வாசலோடு திரும்பிப் போய்விட்டாள். ஆனால் சொன்ன நாளன்று விடியவே பஸ்ஸடியில் நின்றாள். நானும் நின்றேன். வங்களாவடியில் பஸ் மாறினோம். புங்குடுதீவின் பூட்டிய வீடுகள் வழிநெடுக வந்தன. மற்றவர் விட்டுக்கொடுப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு போனோம்.

குறிகட்டுவானில் இரண்டு வள்ளங்களும் நின்றன. நான் ஒன்றை நோக்கி நடந்தேன், அவள் மற்றதை நோக்கி. நடுவில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். சந்தையில் மீன் விற்ற குரல் அவளுக்கு இன்னும் இருக்கிறது. துறைமுழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"உங்களோட இழுபட நான் அந்த மனுசன் இல்லை, அண்ணை. நீங்கள் அம்மாளிட்டப் போங்கோ. நான் நெடுந்தீவைப் பாத்திட்டு வாறன். பின்னேரம் இதிலை சந்திப்பம்."

பாதுகாப்பு அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் என் வள்ளத்தில் ஏறினேன்.

கோயிலில் நின்றேன். காலைப் பூசை பிந்தித்தான் தொடங்கியது. அதை நீ கேட்டுச் சிரிக்க வேண்டாம். கைகூப்பி நின்றபோது என்ன கேட்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண் விம்மிக்கொண்டிருந்தாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி ஓடிப் பிடிக்க வேண்டிய வள்ளம் இல்லாததால் மத்தியானம் மடத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். சோறு சூடாக இருந்தது. குறிகட்டுவானுக்குத் திரும்பி, வெயில் சாயும்வரை துறைக்கட்டில் இருந்தேன்.

நெடுந்தீவு வள்ளம் வந்தது. றீற்றா சேலைக் கரை நனைய, முகம் வெளிறி இறங்கினாள்.

"எப்பிடி?" என்றேன்.

"கல்மதில். குதிரை. வெயில். கடல் இஞ்சை இருக்கிற கடல்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வரேக்கை வள்ளத்தின்ரை ஆட்டத்தில சத்தி எடுத்துப்போட்டன் அண்ணை. கடல்காரன்ரை பெண்சாதி. ஊரில சொல்லிப்போடாதையுங்கோ."

பிறகு பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து விரித்தாள். பொரித்த ஓரா மீன்.

"கும்பிட்டு முடிஞ்சுதுதானே? இனித் தின்னலாம்."

"நீர் அங்கை திண்டனீரோ?"

"இல்லை. தனியத் திண்டு என்னத்தை."

துறைக்கட்டில் இருந்து இருவரும் தின்றோம். மீன் ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவ்வளவுதான் விஷயம் என்று. நீ உன் வள்ளத்திலும் நான் என் வள்ளத்திலும் போய், பின்னேரம் இந்தக் கட்டில் இருந்து மீன் தின்றிருக்கலாம். கோயிலும் கெடாது, வள்ளமும் தவறாது, ஒருவரும் வெளியில் நிற்கத் தேவையில்லை. நீயும் தோற்றிருக்கமாட்டாய், நானும் தோற்றிருக்கமாட்டேன். வந்து நின்ற இடத்தில் ஒரு நொடியில் அவளுக்குத் தோன்றியது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்தும் நமக்குத் தோன்றவில்லை. நீ ஒரு வள்ளத்திலும் நான் ஒரு வள்ளத்திலும் என்று நம் இருவரில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் சாட்டிக்குப் போகிற சந்தி வந்தது. இருவரும் மணியடிக்கவில்லை. பஸ் கடந்து போயிற்று.

இன்று காலை வானில் ஏறமுன் றீற்றா கேட்டாள்: "அவரின்ரை குழியடிக்குப் போவன். என்ன சொல்ல?"

"நான் நெடுந்தீவுக்குப் போகேல்லை எண்டு சொல்லும்."

"உதென்ன கதை? அதைப் போய்ச் சொல்லுறதே?"

"சொல்லும். அவனுக்கு விளங்கும்."

அவள் தலையாட்டினாள். வான் கதவு மூடியது.

கோயில்தான் முதல் என்பதில் நான் மாறவில்லை. நீ எழும்பி வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நெடுந்தீவை நான் பார்க்கவில்லை. வள்ளம் நாளைக்கும் போகும், மறுநாளும் போகும். கூட்டிப்போகிறேன் என்று ஊரில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மாட்டேன் என்றேன். நீ கால் வைக்காத கரை எனக்கும் அப்படியே இருக்கட்டும். இதையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.