போரும் என்றால் வா என்று அர்த்தம்

கரமனை
3-9-1954

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் சௌக்கியம் என்று நானே எழுதிக்கொண்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உன் சேஷன் மாமா. பயப்படாதே, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், காப்பி சரியில்லை என்று நர்ஸ் ராகேலிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

தேயிலைக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் படம் காட்டுகிறானே, அந்த லாரியிலும் பீஹாரில் உன் சர்வே லாரியில் இருப்பது போலவே பின்னால் பலகை அறை, அதிலேயே படுக்கை, ஸ்டவ். வித்துரா தாண்டி மலையேறும்போது எதிரே பஸ் வர, வழிவிட லாரியைப் பின்னால் எடுத்தார்களாம். இறங்கி நின்று பார்த்த மாமா, ஓரம் வந்ததும் போதும் என்பதற்கு நம் வீட்டு வழக்கத்தில் ‘போரும், போரும்’ என்று கத்தியிருக்கிறான். மலையாளத்தில் ‘போரூ’ என்றால் வா என்றல்லவா அர்த்தம், இவன் கத்தக் கத்த டிரைவர் தங்கப்பன் வந்துகொண்டே இருந்தார். சக்கரம் ஓடையில் இறங்கி, வெறும் கயிற்றால் கட்டியிருந்த அறை சரிந்து இவன் காலில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் படுத்திருக்கவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் கிளம்பியதுதான் காரணம் என்கிறார் அப்பா, டிரைவர் குடித்திருப்பான் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். தங்கப்பனோ மாமாவின் கட்டிலருகே நின்று, சாமியல்லே போரூ போரூன்னு விளிச்சது, கூப்பிட்டது நீங்கள்தானே என்று அழ, ஓய், போரும்னா போரும்ங்காணும் என்று மாமா கத்த, எனக்கு அங்கேயே உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஓடுகிற லாரியில் அறைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டே போகிறேன் என்று எழுதினாயே, அதை இன்றோடு விடு, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார். கூரைமேல் தண்ணீர் டிரம் ஏற்றியிருக்கிறதாமே, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்டர்மீடியட் பிஸிக்ஸ் படித்தவள் சொல்கிறேன், பாரம் மேலே ஏற ஏற வளைவில் வண்டி சாயத்தான் பார்க்கும், கீழே இறக்கு. அறையை லாரியோடு போல்ட் போட்டு முடுக்கச் சொல், கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டவ் ஏற்றாதே. ராத்திரி முழுக்க ஓட்டினவரைப் பகலிலும் ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தாதே, சர்வே ஒருநாள் தள்ளிப் போனால் பீஹார் எங்கும் ஓடிப்போய்விடாது.

உன் டிரைவர் பஞ்சாபி, அவர் பேசுவதில் பாதி புரியாமல் ‘அச்சா’ என்று தலையாட்டி வைக்கிறேன் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லையடா. இனிமேல் புரியாததற்கு அச்சா சொல்லாதே. அவர் பின்னால் எடுக்கும்போது நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டு, அதற்கு நில் என்று மட்டும்தான் அர்த்தம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சகல சௌபாக்கியமும் தீர்க்காயுசும் உண்டாகட்டும். மறக்காமல் ஒருதரம் தட்டிப் பார்த்து, அவர் நின்றாரா என்று ஒரு கார்டு போடு, வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
சூடாமணி