குண்டான் மூக்கு விமானம்

1992 மே 3, ஞாயிறு

கத்திரி பிறக்கவில்லை, அதற்குள் இந்த வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் கிணற்றிலிருந்து நாலு குடம்.

காதர் அண்ணன் வந்தார். அவியளோட, அதாவது என் வீட்டுக்காரரோட, சிநேகிதர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை. 17ஆம் தேதி சவுதிக்குப் புறப்பாடு. வர மூன்று வருடம் ஆகும்.

"தங்கச்சி, மாப்ள விட்டுட்டுப் போன பிளேனை என்ன செய்யப் போற?"

"பறக்க விடணும்ணே."

"எஞ்சினே இன்னும் வைக்கலியே."

"வைப்போம். நீங்க போறதுக்குள்ள."

தாடியைச் சொறிந்துகொண்டார். ரிமோட்டில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் இந்தப் பக்கம் அவிய ஒருத்தர், இவர் ஒருத்தர். இப்போது இவர் மட்டும்.

"சரி. ஆனா எஞ்சின் ஒவ்வொரு தடவை ஓடுறதையும் எழுதி வை. எம்புட்டு நிமிசம் ஓடுச்சு, எப்படி நின்னுச்சுன்னு. எனக்கு மறந்துரும்."

அதற்காகத்தான் இந்த நோட்டு. முன்பக்கம் அவிய எழுத்து. நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

அவியளோட கடைசி நாள் காலையில் நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருடமாகச் செய்த விமானம். பழைய உலகப் போரில் பறந்த உருண்டை மூக்கு ஜாதியாம். என் அலுமினியக் குண்டானை எனக்குத் தெரியாமல் எடுத்து, அடியை வெட்டி, மூக்கு மூடியாக்கி, பெயிண்ட் அடித்து முடித்து, அன்றுதான் கொண்டுவந்து காட்டினார்கள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் குண்டான் மட்டும்தான் தெரிந்தது. "இதெல்லாம் எந்தக் காலத்துல பறக்கப் போகுது" என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள்.

மில்லில் மயங்கி விழுந்தது பத்து மணிக்கு. நான் ஸ்ரீவி. பால்கோவாக் கடையில் வேலையில். ஆள் வந்து சொல்லி, பஸ் பிடித்து, ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெகுநேரம். நெற்றியில் கை வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

அது ஒரு தடவை பறக்கணும். அம்புட்டுத்தான்.

மே 5, செவ்வாய்

கடையிலிருந்து வரும்போது வாங்கியது: விளக்கெண்ணெய் 1 புட்டி, போல்ட் 4, ஸ்பிரிங் வாஷர் 4, சைக்கிள் டியூப் துண்டு, தக்காளி.

மதினிக்கு விளக்கெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது. மதினி அவியளோட அக்கா. துக்கத்துக்கு வந்தவர், இன்னும் ஊர் திரும்பவில்லை.

"யாருக்கட்டி வயித்துக்கு ஆகல?"

"எஞ்சினுக்கு மதினி. மெத்தனால்ல கலந்து ஊத்தணுமாம்."

"தாலி இறங்கி ரெண்டு மாசம் ஆகல. பொம்மைக்குப் பேதி மருந்து வாங்கிட்டு வாரா."

சாயங்காலம் கா. அண்ணன். விமானத்தின் மூக்குப் பலகையில் அவிய பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நாலு ஓட்டைக்கு நாலு புள்ளி. துளை போட நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினைப் படுக்க வைத்துப் பார்த்தால் நேராக இல்லை. வலது பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கிறது.

"கோடு கோணலா இருக்குண்ணே."

"கோணலா இருந்தாத்தான் சரி. காத்தாடி சுத்துற வேகத்துல பிளேன் இடது பக்கம் இழுக்கும். அதுக்கு முந்தியே வலது பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி வச்சிருக்கான். உன் புருசன் கோடு தப்பாதும்மா."

போல்ட் நாலையும் நானே இறுக்கினேன். அவிய ஸ்பேனர். பிடியில் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணி என் பழைய ஜாக்கெட்.

மே 8, வெள்ளி

காலையில் எங்கோ இடி. மழை இல்லை.

தொழுகை முடிந்து கா. அண்ணன் வந்தார். விமானத்தைத் துவைகல்லோடு கயிறு போட்டுக் கட்டினோம். குச்சியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் காத்தாடியைத் தட்டினார். விரலால் தட்டினால் விரல் போய்விடும். ஏழாவது தட்டில் பிடித்தது. சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூரைமேல்.

"என்னக்கா, மிக்ஸி கெட்டுப்போச்சா?" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து.

ஓட்டம் 1. மூக்கு மூடி இல்லாமல். 8 நிமிடம். நாமே நிறுத்தியது.

எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி. சொட்டு நின்று, மெதுவாகக் கொதித்து, பொறவுதான் வற்றியது.

"இந்தச் சூடு இருக்கலாம்" என்றார் கா. அண்ணன். "தண்ணி நிக்காமத் தெறிச்சு ஓடுனா ஆபத்து."

ஓட்டம் 2. மூடி போட்டு. 4 நிமிடம். குரல் இறங்கியது, ஆள் களைத்துப்போன மாதிரி. தானே நின்றது. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு. தெறித்து ஓடியது.

மூடி இல்லாமல் பறக்க விடலாமா என்று கேட்டேன். காற்று மோதும், மூக்கில் எடை குறையும், முடியாது என்றார். மூடி இல்லாமல் பார்க்க எனக்கும் மனசில்லை.

மே 9, சனி

மூடியின் வாய்க்குள் அவிய ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். நிஜ விமானத்தில் சிலிண்டர் ஒன்பது, பூ மாதிரி வட்டமாக இருக்குமாம். அதற்காக ஒன்பது சின்னக் கட்டை, ஒவ்வொன்றிலும் மில்லுக் கறுப்பு நூல் நெருக்கமாகச் சுற்றி, வாய் விளிம்பைச் சுற்றி ஒட்டி, வாயை அடைத்த மாதிரி. வெறும் அழகுக்கு. எத்தனை ராத்திரி சுற்றினார்களோ.

அதை எடுத்துவிட வேண்டும் என்று கா. அண்ணன் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார். "வாயை அடைச்சு வச்சா எஞ்சின் உள்ளேயே வெந்துரும் தங்கச்சி."

காலையில் கத்தியை எடுத்தேன். வைத்தேன். அரிசி களைந்தேன். திரும்ப எடுத்தேன்.

ஒன்பதையும் எடுத்தாயிற்று. எது எந்த இடம் என்று நம்பர் போட்டு முறுக்கு டப்பாவில்.

மே 10, ஞாயிறு

ஓட்டம் 3. வாய் முழுக்கத் திறந்து. 5 நிமிடம். தானே நின்றது.

ஒரு நிமிடம்தான் கூடியிருக்கிறது. கா. அண்ணன் காத்தாடியைக் கையால் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. சூடு ஆறிய பொறவு அசைந்தது. கல்லில் மண் அரைக்கிற சத்தம்.

"பிஸ்டன் பிடிக்கப் பாத்திருக்கு. இன்னொரு தடவை இப்படி நின்னா அம்புட்டுத்தான். வேற எஞ்சினுக்கு எங்க போக? சிங்கப்பூர்ல இருந்து வந்தது இது."

எண்ணெய் விடுகிற ஊசியைத் திருப்பி, எஞ்சின் கூடுதலாகக் குடிக்கிற மாதிரி வைத்தார். ஆனால் அவருக்கே நம்பிக்கை இல்லை.

"தரையிலயே அஞ்சு நிமிசம்னா மேல போய் என்ன ஆகும்? பாதியில நின்னு கீழ விழுந்தா ஒரு குச்சி மிஞ்சாது. விட்ரலாமா தங்கச்சி?"

காப்பி கொடுத்தேன். சீனி போட மறந்திருக்கிறேன், அவரும் சொல்லவில்லை.

ஏழு நாள்.

மே 12, செவ்வாய்

கடையில் இன்று பெரிய சத்தம். மாஸ்டர் அடுப்பைப் பற்ற வைத்தால் புகை முழுக்க எங்கள் முகத்துக்கே வருகிறது. எரிக்கப் போட்ட முந்திரித் தோடு கருகுகிறது, எரியவில்லை. பால் கொதிக்கவில்லை. விசிறி கொண்டுவந்து அடுப்பு வாயில் வீசினார்கள். இன்னும் மோசம். கண்ணெரிச்சல். மாஸ்டர் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"எவம்லே பின்னாடி புகைப்போக்கியில சாக்கைச் சாத்தி வச்சது? போறதுக்கு வழி இல்லன்னா வாரதுக்கு எப்படிலே வரும்?"

சாக்கை இழுத்ததும் தீ குப்பென்று உள்ளே இழுத்துக்கொண்டது. நான் கிண்டிக்கொண்டே நின்றேன். கை நின்றுவிட்டது போல. "அடிப்பிடிக்குது பாரும்மா" என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் அவிய படத்துக்கு ஏற்றின ஊதுபத்தியை எடுத்தேன். மூடியை விமானத்தில் மாட்டி, எதிரே டேபிள் ஃபேன் போட்டு, வாயில் பத்தியைக் காட்டினேன். புகை உள்ளே போனது, சுற்றியது, அதே வாய் வழியாக என் முகத்துக்கு வந்தது.

பின்பக்கம் தடவிப் பார்த்தேன். மூடி முடிந்து உடம்பு தொடங்குகிற இடத்தில் இடுக்கே இல்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை மூடியின் விளிம்பு முழுக்கப் பசை போட்டு ஒட்டி, தேய்த்து, மேலே பெயிண்ட். நகம்கூட நுழையாது. இத்தனை நாளும் அதைத்தான் நானும் கா. அண்ணனும் என்ன சுத்தமான வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏன் என்றும் தெரிந்துவிட்டது. மில்லில் மெஷின் இடுக்கில் பஞ்சுத் தூசி புகுந்தால் தீப்பிடிக்கும். இருபத்திரண்டு வருடம் இடுக்கு அடைத்த கை. வீட்டு ஜன்னலைக்கூட விடவில்லை. இதையும் அடைத்துவிட்டார்கள். தீப்பிடிக்கக் கூடாதென்று.

அவிய வேலையில் தப்பு என்று நான் எப்படிச் சொல்ல.

மே 13, புதன்

கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

தகரம் வெட்டுகிற கத்தரி. மூடியின் அடிப்பக்கம், எஞ்சின் தலைக்குப் பின்னால், வாயைப்போல ரெண்டு மடங்கு இருக்கிற மாதிரி சாக்பீஸ் கோடு. மூடி உருளாமல் பிடிக்கவே ரெண்டு கை வேண்டும், வெட்ட இன்னொரு கை. முடியவில்லை.

மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. தானே வந்து பிடித்துக்கொண்டார்.

"எதுக்கட்டி வெட்டுத? நல்லாத்தானே செஞ்சு வச்சிருக்கான்."

"உள்ள போற காத்து வெளிய போகணும் மதினி."

"இது என்ன, பசைக்குள்ள?"

மேல் விளிம்பில், பெயிண்டுக்கு அடியில், துணியில் பதிந்த அவிய கட்டைவிரல். ரேகை தெரிகிறது. மதினி தன் விரலை அதன்மேல் வைத்தார். எடுத்துக்கொண்டார். கீரைக்குப் போய்விட்டார்.

மேல் விளிம்பை விட்டுவிட்டேன். கீழே மட்டும் வெட்டினேன். துண்டு வளைந்து என் காலில் விழுந்தது. குண்டானின் பக்கம் அது, கல்யாணத்தில் பொறித்த என் பெயரில் பாதி அதில் இருந்தது. சீர்ப் பாத்திரம்.

ஊதுபத்தி, ஃபேன். புகை வாயில் போய் அடியில் வந்தது.

மே 14, வியாழன்

சாயங்காலம். கா. அண்ணன் குனிந்து அடியைப் பார்த்தார். நிமிர்ந்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"பால்கோவா மாஸ்டர்."

"அவருக்குப் பிளேன் தெரியுமா?"

"அடுப்பு தெரியும்."

இன்னொன்றும் கேட்டேன். முன்னால் வாய் முழுக்கத் திறந்திருக்க வேண்டுமா? எங்கள் அடுப்பில் வாய் ரொம்ப அகலமானால் தீ நிற்காது, செங்கல் வைத்துக் குறைப்போம். யோசித்தார். "எஞ்சின் தலைக்கு நேரா இருக்க வழி போதும். காத்து வேற எங்கயும் அலையாம அங்கயே போகும்" என்றார். முறுக்கு டப்பாவை எடுத்து வந்தேன். ஒன்பதில் ஏழை அதனதன் இடத்தில் திரும்ப ஒட்டினேன். எஞ்சின் தலைக்கு நேரே வருகிற 3, 4 மட்டும் டப்பாவில்.

ஓட்டம் 4. 6 நிமிடம். நாமே நிறுத்தியது. சொட்டு நின்றது.

ஓட்டம் 5. 10 நிமிடம். ஆறாவது நிமிடத்துக்குப் பொறவும் குரல் இறங்கவில்லை. சொட்டு நின்றது.

"தரை வேற, வானம் வேற" என்றார் கா. அண்ணன். சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை, வறண்ட கண்மாயில்.

மே 15, வெள்ளி

மதினி: "பயணம் போற மனுசன். முந்தின நாளு அவரு முன்னாடி நீ போய் நிக்கலாமா? ஊரு என்ன சொல்லும்?"

இதைக் கா. அண்ணனிடம் நான் சொல்லவில்லை. மதினியே சொல்லியிருக்கிறார். அவர் பதில் மட்டும் காதில் விழுந்தது.

"அக்கா, நான் தங்கச்சி கையால காப்பி குடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன். சீனி போட்டா."

மே 16, சனி

ஐந்தரைக்குக் கண்மாய். வாடகை டெம்போவில் விமானம், நான், மதினி. "தனியா அனுப்பிட்டு நான் வீட்ல இருக்கவா?" என்று மதினி முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மலைப்பக்கம் மேகம். காற்று எழவில்லை.

கா. அண்ணன் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "என் கண்ணு பிளேன்மேல இருக்கும். உன் காது எஞ்சின்மேல இருக்கட்டும். குரல் இறங்குனா கையைத் தூக்கு. நான் இறக்கிருதேன். ஒரு நிமிசம் சொணங்குனாலும் பிளேன் இல்ல."

ஓடியது. தூசி. வால் தூக்கியது. சக்கரம் தரையை விட்டது தெரியவில்லை, நிழல் தனியாகப் போனது தெரிந்தது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஒன்று. ரெண்டு. வட்டம் போட்டு எங்கள் தலைக்குமேல். மூன்று. நாலு. ஐந்து.

ஐந்து தாண்டி மலைப்பக்கம் திரும்பியபோது சத்தம் குறைந்தது. கை பாதி எழுந்துவிட்டது.

"தூக்காதட்டி" என்றார் மதினி. கண் வானத்தில். "அந்தப் பக்கம் போகுதுல்லா, அதான். வருவான்."

வந்தது. அதே குரல்.

ஏழில் கா. அண்ணன் இறக்கினார். ஒரு துள்ளு, இன்னொரு துள்ளு, இடது சக்கரம் தனியே உருண்டு கருவேலம் செடிக்குள். மற்றது முழுசு.

ஓட்டம் 6. 7 நிமிடம். பறந்தது.

சொட்டு நின்றது. கா. அண்ணன் சக்கரம் தேடப் போனார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. நான் உட்கார்ந்து மூக்கு மூடிமேல் உள்ளங்கையை வைத்தேன். விரல் பதிந்த பக்கம். சூடு.

"சுடுமட்டி, எடு" என்றார் மதினி.

ஆறுகிற வரைக்கும் எடுக்கவில்லை.