சட்டைப்பையில் பாதி பிஸ்கட் பாக்கெட்

என் நாக்குக்கு ஆயுள் தண்டனை விதித்த அக்கா மகளுக்கு,

இதயநோய்ப் பிரிவு நர்ஸம்மா நீ சொன்னதை மட்டுமே தின்று, இந்த யானை முயலாகிக்கொண்டிருந்தது. அவித்த காய்கறிகள் என்னைக் கண்டாலே எழுந்து நின்று வணக்கம் சொல்கின்றன! ஆனால் இந்த வாரம் திடீரென்று எடை ஏறிவிட்டது. பூமியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். செருப்புக்குள் கால் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே தூங்குகிறேன்.

உன் அத்தை என் சட்டைப்பைகளைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "திருட்டுத்தனமா எதையோ தின்னேன்னு சொல்லுங்களேன்" என்றபோது அவள் குரல் நடுங்கியது.

அதனால் நேற்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, பாதியைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, மீதியைப் பையில் வைத்தேன்.

"அதானே பார்த்தேன்! இந்த ஜென்மத்துல நீங்க திருந்த மாட்டீங்க!" என்று வாயாரத் திட்டினாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

நான் எதையும் தின்னவில்லையம்மா. தின்னாமலே எடை ஏறிக் கால் வீங்கினால், இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோக்கிறது என்று நீதானே சொல்லியிருக்கிறாய். பயமாக இருக்கிறது. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் இதை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே ஆட்டோவில் உடனே வா. பிஸ்கட் தின்றதற்காக என்னை அவள் முன்னால் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

முதல்முறையாக யோக்கியனாக இருந்து மாட்டிக்கொண்ட,
உன் மாமன்