கட்டில் வசனமும் தியேட்டர் முழுக்க இருமலும்

என் செல்ல அக்காவுக்கு,

உன் படம் திரும்பத் தியேட்டருக்கு வந்தது. நீ நடித்த ஒரே படம், அதற்காகவே கடைசி வரை நீ பேச்சு வாங்கிய படம், அதேதான். கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர் பழைய பிரதியைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, உன்னைப் பார்க்க அருவங்காட்டுக்கே வந்தார்கள். நீ கண்ணை மூடிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

வேறெந்த ஊரிலும் தியேட்டர் கிடைக்கவில்லையாம். இங்கே எடுத்த படம் என்பதால் குன்னூரில் ஒரு காலைக் காட்சி கொடுத்தார்கள். எடுபட்டால் தொடர்ந்து ஓட்டுவோம், இல்லையென்றால் அதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த 'ஏ' படம் முதலில் வந்தபோது நம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் ஆண்கள், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ப் பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி, காய்கறி வாங்கப் போனதாகச் சொன்னார்கள். உன்னால் தியேட்டர் பக்கமே போக முடியவில்லை. நீ அழ வேண்டும் என்று எழுதியிருந்த காட்சியில் அந்தக் கட்டில் வசனத்தை நீயாகத்தானே போட்டுச் சொன்னாய்? அதற்குச் சிரித்தார்களா என்று உன்னிடம் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட, "சிரிச்சிருப்பாங்களா கண்ணு?" என்று கேட்டாய். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கூட்டம் வந்தது, அக்கா. பாதி தியேட்டர் நிறைந்துவிட்டது. முக்கால்வாசி நம் குவார்ட்டர்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர்கள். நல்ல வெயில் நாளில் குரங்குக் குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காட்சி வந்தது. கட்டிலுக்கடியில் எஸ்டேட் டாக்டர். புருஷன் உள்ளே வந்து, "கட்டிலு ஏண்டி கத்துது?" என்கிறான். நீ கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறாய்: "நம்ம கல்யாணத்துக்கு வாங்குனதுங்க. இன்னிக்குத்தான் அதுக்கு வேலை வந்திருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் குரலை வைத்து ஆள் யாரென்று தெரிந்துவிடுமே! இருமினார்கள். ஒருவர் ஆரம்பிக்க, தியேட்டர் முழுக்க இருமல். நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். முன்வரிசைக் குல்லா ஒன்று திரும்பி, "ஏனுங்க, இது பொம்பளைங்க சிரிக்கிற படமாங்க?" என்றது.

வெளியே வந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள். சிரிப்பே வராத சிரிப்புப் படத்தை எப்படி ஓட்டுவது என்றார் மேனேஜர். பையன்களுக்கு முகமே செத்துவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பதென்று தெரியாமல் பஸ் ஏறிப் போனார்கள். இந்தப் படம் இனி எந்தத் திரைக்கும் வராது, அக்கா.

நீ கேட்டதற்கு என்ன பதில் சொல்ல? அது சிரிப்பா, நிஜமாகவே இருமலா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. சிரித்தார்கள் என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் அந்த வசனத்தை நீ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுவேன், இது சத்தியம். யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உனக்காகச் சத்தமாகச் சிரித்த ஒரே ஆள்,
உன் தங்கச்சி சரசு